ஜனவரியில் ஓடிய தோட்டா ஆகஸ்டில் போல்ட்டைப் பிடித்தது

பித்தளை உறையில் வெடிமருந்து போட்டுக் குண்டு பொருத்தி, ரைஃபிள் தோட்டாவை வீட்டில் நிரப்பத் தொடங்கியவர் எல்லோரும் ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். நிரப்பும் முறை சொல்லும் நூலில் உள்ள மருந்து கடையில் இல்லை. அதே தட்டில் வேறொரு டப்பா இருக்கிறது. எரிவேக அட்டவணையில் இரண்டும் அடுத்தடுத்த வரிசையில்தான். "ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், எடுத்துட்டுப் போங்க" என்பார் பக்கத்தில் நிற்பவர். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. டெக்சாஸில் .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு மூன்று "ஒரே மாதிரி" மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினேன். முடிவில் 485 டாலரும், 141 தோட்டாக்களைப் பிரித்த இரண்டு நாள் மாலையும் போயின. நல்லவேளையாகக் கண்ணும் விரலும் போகவில்லை. அப்போது யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நம்மவர்கள் பலர் இங்கே எச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவில் இருக்கிறார்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாமல், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். பலருக்குத் தெரியாத விஷயம் என்னவென்றால், அந்தச் சட்டத்தில் "தோட்டா" என்ற சொல்லுக்குள் வெறும் பித்தளை உறை, பிரைமர் (உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), குண்டு, மருந்து ஆகிய எல்லாமே தனித்தனியாக அடங்கும். துப்பாக்கி வாங்கவில்லை, மருந்து டப்பா மட்டும்தான் வாங்கினேன் என்பது பதிலாகாது. ஒரு டப்பாவுக்காகக் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகிவிடும். நான் கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் தொடங்கினேன். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள், ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) பழகும் நண்பரிடம் வேண்டாம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடுக்கிறது. அதனால் ஊரில் இருப்பவர்கள் இதை வாசிப்புக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயும் சொந்த உபயோகத்துக்கு நிரப்பத்தான் மத்திய உரிமம் தேவையில்லை. நிரப்பி விற்க வேண்டுமானால் தனி உரிமம் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எந்த மருந்தை எத்தனை கிரெய்ன் (மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சிறு எடை அலகு) போட்டேன் என்று இந்தக் கட்டுரையில் எங்கும் எழுதப்போவதில்லை. என் பேரலுக்குச் (துப்பாக்கிக் குழலுக்கு) சரியான எடை உங்கள் பேரலுக்கு அதிகமாக இருக்கலாம். அந்த எண் மருந்து தயாரிப்பாளரின் இன்றைய நூலிலிருந்தோ குண்டு தயாரிப்பாளரின் நூலிலிருந்தோ மட்டும்தான் வர வேண்டும்.

ஒப்பிட எடுத்தவை இவை. முதலாவது வார்கெட். ஹாட்ஜ்டன் விற்கும் மருந்து, தயாராவது ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில். நைட்ரோசெல்லுலோஸ் மட்டுமே உள்ள ஒற்றை அடிப்படை மருந்து, குட்டையான குச்சி மணிகள். இரண்டாவது ஐஎம்ஆர் 4064. இதுவும் ஒற்றை அடிப்படைதான், ஆனால் மணிகள் நீளம். மூன்றாவது ஓர் இரட்டை அடிப்படை மருந்து, அதாவது நைட்ரோசெல்லுலோஸோடு நைட்ரோகிளிசரினும் கலந்தது. அதன் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். அந்த மருந்து தன் இயல்பு எதுவோ அதைத்தான் செய்தது. பிசகியது என் கணக்கு. மூன்றுக்குமே நூலில் 175 கிரெய்ன் குண்டுக்கு அட்டவணை உண்டு, எரிவேக வரிசையிலும் மூன்றும் நெருக்கமாகவே இருந்தன.

அந்த எரிவேக அட்டவணையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு அங்கேதான் தொடங்குகிறது. அது ஒரு வரிசை மட்டுமே, அளவுகோல் கிடையாது. பந்தயத்தில் யார் முதல், யார் இரண்டாவது என்று சொல்வதுபோல. இருவருக்கும் நடுவே அரை நொடியா ஐந்து நிமிடமா என்று அது சொல்லாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் சோதனை முறையில் வரிசைப்படுத்துகிறது, அதனால் இரண்டு அட்டவணைகளில் ஒரே மருந்து வேறு வேறு இடத்தில் இருக்கும். மூடிய கலத்தில் ஒரே நிலையில் எரிக்கும்போது நடப்பதும், குண்டு நகர நகர இடம் பெருகும் பேரலில் நடப்பதும் ஒன்றல்ல. உறையின் கொள்ளளவு, குண்டின் எடை, பிரைமரின் சூடு மூன்றும் சேர்ந்து வரிசையையே மாற்றிப்போடும். அட்டவணையின் உபயோகம் ஒன்றுதான்: இந்த உறைக்கு எந்தப் பகுதி மருந்து பொருந்தும் என்று மேலோட்டமாகத் தேடுவதற்கு. பக்கத்து வரியில் இருக்கிறது என்பதற்காக ஒன்றின் எடையை இன்னொன்றுக்குப் போட்டுவிடவே கூடாது.

பெயர் ஒற்றுமை இதைவிட மோசமான பொறி. ஹாட்ஜ்டனின் எச்4895 வேறு, ஐஎம்ஆர் 4895 வேறு. எச்4350 வேறு, ஐஎம்ஆர் 4350 வேறு. 4831க்கும் அதே கதைதான். 2003இலிருந்து இரண்டு பெயர்களும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால் டப்பாக்கள் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, எண் ஒன்றாகவே தெரிகிறது. இதற்குப் பின்னால் பழைய காரணம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவத்திடம் மிஞ்சிப்போன 4895 மருந்தை வாங்கி விற்றுத்தான் ஹாட்ஜ்டன் வியாபாரமே எழுந்தது. உபரி தீர்ந்ததும் அதே எண்ணில் தனியாகத் தயாரிக்க வைத்தார்கள். எண் தொடர்ந்தது, மருந்து வேறானது. எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும்: எச்4831, அதன் குட்டை மணி வடிவமான எச்4831எஸ்சி, இரண்டுக்கும் ஒரே அட்டவணை. எச்110உம் வின்செஸ்டர் 296உம் ஒரே மருந்து, எச்பி-38உம் வின்செஸ்டர் 231உம் ஒன்றே, எச்414உம் வின்செஸ்டர் 760உம் அப்படியே. ஆக, பெயர் வேறாக இருந்து பொருள் ஒன்றாவதும் உண்டு, பெயர் ஒன்றாக இருந்து பொருள் வேறாவதும் உண்டு. ஊகித்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை, டப்பாவிலுள்ள முழுப் பெயரை எழுத்தெழுத்தாக நூலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி. கடையில் எடுக்கும்போது ஒரு தடவை, வீட்டில் மூடி திறக்கும்போது ஒரு தடவை, நிரப்பியில் (மருந்தை அளந்து உறைக்குள் விடும் கருவியில்) கொட்டும்போது ஒரு தடவை என்று நான் வாய்விட்டே படிக்கிறேன்.

இப்போது ஜனவரிக்கு வருகிறேன். மூன்று டப்பாவுக்கு 156 டாலர். ஒவ்வொரு மருந்திலும் நூலின் தொடக்க எடையிலிருந்து மேலே ஐந்து படிகள், படிக்கு ஐந்து தோட்டா, மொத்தம் 75. ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெய்ன். .308இல் ஒரு தோட்டாவுக்கு நாற்பதைச் சுற்றிப் போகும் என்பதால் ஒரு டப்பாவில் ஏறக்குறைய 160 தோட்டா வரும். சோதனைக்கே 25 போய்விட்டால் மீதி எவ்வளவு என்று முன்னாலேயே கணக்குப் போட வேண்டும், நான் போடவில்லை. அதன் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

நிரப்பும் மேசையிலேயே மூன்றுக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. அளவு நிரப்பியின் கைப்பிடியை இறக்கும்போது 4064இன் நீள மணிகள் உருளையின் விளிம்பில் அகப்பட்டு "நொறுக்" என்று வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்ட வீச்சும் (ஒரு தடவை கைப்பிடி இறக்கினால் விழும் மருந்து) வெட்டுப்படாத வீச்சும் ஒரே எடை வராது. எனக்கு இரண்டு பக்கமும் 0.2 கிரெய்ன் வரை ஆடியது. வார்கெட் பரவாயில்லை, ஆனால் அதுவும் குச்சி மணிதான். உருண்டை மணி மருந்துகள் தண்ணீர்போல் இறங்கி 0.1க்குள் நின்றுவிடும். இந்த எண்கள் சின்னவை என்று தள்ளாதீர்கள். .308இல் ஒரு கிரெய்ன் கூடினால் வேகம் நொடிக்கு 50 முதல் 60 அடி கூடும். 0.4 கிரெய்ன் ஆட்டம் என்றால் 20 அடிக்கு மேல் வித்தியாசம் நிரப்பும் மேசையிலேயே பிறந்துவிட்டது என்று பொருள். அதை மருந்தின் குணம் என்று நினைத்துவிடுவோம். ஆகவே குச்சி மணி மருந்தைக் கொஞ்சம் குறைவாக வீசிவிட்டு, தராசில் வைத்தே சொட்டுச் சொட்டாகச் சேர்த்து நிறைவுசெய்ய வேண்டும். தராசைத் தொடங்கும் முன்பும், ஒவ்வோர் இருபது தோட்டாவுக்கு ஒரு முறையும் சோதனை எடைக்கல் வைத்துப் பார்க்க வேண்டும். மின்னணுத் தராசு சூடேறும்போது நகரும், மின்விசிறிக் காற்றிலும் நகரும். ஏசி ஓடும் அறையில் முதல் அரை மணி நேரம் என் தராசு காட்டிய எதையும் நான் இப்போது நம்புவதில்லை.

நீள மணிகள் புனலின் கழுத்தில் பாலம் கட்டி நிற்கும் என்பதும் முக்கியம். மேலே அடைத்துக்கொண்டு ஓர் உறைக்குப் பாதியும் அடுத்ததற்கு ஒன்றரையும் விழும். .308இல் ஒன்றரை விழுந்தால் வாய்வழியாக வழியும், கண்ணில் பட்டுவிடும். பாதி விழுந்தது கண்ணில் படாது. நிரப்பிய உறைகளை மரக் கட்டையில் வரிசையாக நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து மருந்தின் மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றா என்று பார்க்காமல் மேலே போகாதீர்கள். ஐம்பதுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ரேஞ்சில் அன்று காலை 41 டிகிரி பாரன்ஹீட், நம் கணக்கில் 5 செல்சியஸ். மூன்றுமே நன்றாகச் சுட்டன. அந்த இரட்டை அடிப்படை மருந்தின் மேல்படி ஒன்று ஐந்து குண்டையும் ஒரே ஓட்டையாகப் போட்டது, சராசரி வேகம் நொடிக்கு 2,632 அடி, வேகங்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வேகங்கள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 7. வார்கெட்டுக்கு 12, 4064க்கு 14. அன்றே முடிவு எடுத்துவிட்டேன்: வேகமும் அதிகம், சீரும் அதிகம், இதுதான் மருந்து. வீட்டுக்கு வரும்போது அவ்வளவு சந்தோஷம்.

அந்த முடிவுக்கு அடியில் எதுவுமே இல்லை. ஐந்து சூட்டில் திட்ட விலக்கம் 10 என்று வந்தால், உண்மையான எண் 6க்கும் 29க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நூற்றுக்கு 95 முறை அந்த எல்லைக்குள் இருக்கும் என்பதுதான் புள்ளியியல் தருகிற உத்தரவாதம். பத்துச் சூட்டில் 6.9 முதல் 18.3, இருபதில் 7.6 முதல் 14.6. நான் பார்த்த 7க்கும் 12க்கும் 14க்கும் இடையே ஐந்து ஐந்து சூட்டை வைத்துக்கொண்டு எந்த வித்தியாசமும் சொல்ல முடியாது. பதினைந்து ஐந்து-குண்டுக் கூட்டங்கள் சுட்டால் அதில் ஒன்று தற்செயலாகவே சின்னதாக வரும். அதைப் பொறுக்கி எடுத்து அதற்குப் பெயர் வைத்தேன். 75 தோட்டாவை இரண்டு எடைகளில் பகிர்ந்து சுட்டிருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும். பதினைந்தாகப் பிரித்ததால் எதுவும் தெரியவில்லை, தெரிந்துவிட்டதாக மட்டும் தோன்றியது.

வசந்தத்தில் அந்த டப்பா முழுவதையும் நிரப்பிச் சுட்டேன். இருபது தோட்டா மட்டும் மிச்சம். மே மாதம் அதே மருந்தில் இன்னொரு டப்பா, 55 டாலர். அடியில் ஒட்டிய தொகுதி எண் (ஒரே தடவையில் தயாரான மருந்துக்கு இடும் எண்) வேறு. அதைப் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் செய்யவில்லை. நிரப்பியைப் பழைய அளவிலேயே வைத்து 150 தோட்டா செய்தேன். ஒவ்வொரு தொகுதியும் சிறிது வித்தியாசப்படும் என்பதும், புதிய தொகுதி என்றால் எடையைக் கீழிறக்கி மறுபடியும் ஏறிவர வேண்டும் என்பதும் எல்லா நூலிலும் இருக்கிறது. நடுப்படியில் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாமலே போகும். மேல்படியில் நிற்பவருக்கு இடமே இல்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. 103 டிகிரி, 39 செல்சியஸ். தோட்டாப் பெட்டி காரின் டிக்கியில் வந்தது, பிறகு கூரை இல்லாத மேசையில். மூன்றாவது சூட்டில் போல்ட்டின் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் தண்டின்) கைப்பிடி தூக்கும்போது கொஞ்சம் கனத்தது. அழுக்கு என்று நினைத்தேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆறாவதில் உறையின் அடிப்பாகத்தில் பளபளவென்று பிறை மாதிரி ஒரு தடம், சுட்ட உறையை வெளியே தள்ளும் ஊசியின் ஓட்டைக்குள் பித்தளை பிதுங்கிப் போல்ட் திரும்பியபோது வழித்த அடையாளம். பிரைமர்கள் ஓரம்வரை தட்டையாகி விளிம்பின் வளைவே இல்லாமல் இருந்தன. ஒன்பதாவது சூட்டில் போல்ட் தூக்கவே வரவில்லை. உள்ளங்கையால் அடித்துத்தான் திறந்தேன். பிரைமர் நடுவில் ஊசி ஓட்டை, அதன் வழியாகக் கறுத்த வாயுத் தடம். அப்போதுதான் கை நடுங்கியது. போல்ட்டின் பக்கத்துத் துளைகள் வாயுவை வெளியே விடத்தான் இருக்கின்றன, கண்ணாடியும் போட்டிருந்தேன். அது இல்லாமல் இருந்திருந்தால் என்று அன்று இரவெல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் முதல் சூட்டிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சராசரி 2,701. ஜனவரியைவிட 69 அடி அதிகம், நூலில் அந்தக் குண்டுக்கும் அந்தப் பேரல் நீளத்துக்கும் போட்ட உச்ச வேகத்தையும் தாண்டி. ஒரு கிரெய்னுக்கு மேல் கூடுதலாகப் போட்டதற்குச் சமம். இதைப் பதியவைத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் அழுத்தத்தை அளக்க நம்மிடம் கருவி இல்லை, வேகத்தை அளக்க இருக்கிறது. நூல் சொல்லும் உச்ச வேகத்தைத் தாண்டினீர்கள் என்றால் அழுத்தத்தையும் தாண்டியிருக்கிறீர்கள், இலவசமாக வேகம் எங்கிருந்தும் வராது. .308க்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. தட்டையான பிரைமர், கனத்த போல்ட், பிறைத் தடம் எல்லாம் பல சமயம் அந்த எல்லையைக் கடந்த பிறகுதான் வெளியே தெரியும். அடையாளம் தெரியும்வரை ஏறிவிட்டு ஒரு படி இறங்குவேன் என்று சொல்பவர்கள் எல்லையை எங்கே விட்டோம் என்றே தெரியாமல் திரும்புகிறார்கள். மென்மையான பிரைமர் சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகும், கடினமானது மிக அதிகத்திலும் காட்டாது. அதனால் ஒற்றை அடையாளத்தை நம்பாமல் வேகம், போல்ட், உறையின் அடி மூன்றையும் சேர்த்தே பாருங்கள்.

போல்ட் பிடித்துக்கொண்டால் முதல் வேலை, குழல் இலக்கின் பக்கமே இருக்கட்டும். சுத்தியலைத் தேட வேண்டாம். சற்று ஆறவிட்டால் பித்தளை சுருங்கி எளிதாகும். அப்படியும் வராவிட்டால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவதே சரி. அதோடு அந்த எடையில் இருக்கும் ஒரு தோட்டாவையும் அன்று சுடாதீர்கள். "மிச்சத்தைக் குளிர்காலத்தில் சுட்டுத் தீர்த்துவிடலாம்" என்ற ஆசை எனக்கும் வந்தது. பெட்டி ஒன்று மறதியில் கோடையில் கைக்கு வந்தால் என்ன ஆகும்?

அதனால் 141ஐயும் பிரித்தேன். சுத்தியல் மாதிரி இருக்கும் குண்டு பிடுங்கி, 28 டாலர். கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் உள்ளே விழும். மணிக்கு முப்பதுகூடத் தாண்டவில்லை, மணிக்கட்டு வலி ஒரு வாரம் இருந்தது. நூறுக்கு மேல் பிரிப்பதாக இருந்தால் ப்ரெஸ்ஸில் (தோட்டா நிரப்பும் நெம்புகோல் கருவியில்) மாட்டும் கவ்விவகைப் பிடுங்கியை வாங்குங்கள், குண்டில் கீறலும் குறைவு. பிரைமர் உள்ள உறையை அப்படியே வைத்து மறுபடி நிரப்பலாம். உயிருள்ள பிரைமரைத் தட்டி வெளியேற்றத் தேவையே இல்லை. கொட்டிய மருந்தை டப்பாவில் திருப்பி ஊற்றவில்லை. வேறு எதுவும் கலக்கவில்லை என்று நூற்றுக்கு நூறு உறுதி இல்லாத மருந்து குப்பைதான். தோட்டத்துப் புல்லில் மிக மெல்லியதாகத் தூவிவிட்டேன். சுட்ட ஒன்பது உறைகளில் பிரைமர் குழி தளர்ந்துவிட்டது, அவையும் போயின.

கணக்கு இது: மூன்று டப்பா 156, இரண்டாவது டப்பா 55, நான்கு முறை ரேஞ்ச் கட்டணம் 100, சோதனையிலும் ஆகஸ்டிலும் சுட்ட 84 தோட்டாவின் குண்டும் பிரைமரும் 46, பிடுங்கி 28, ரைஃபிளைப் பரிசோதிக்க 90, உறைகள் 10. மொத்தம் 485 டாலர். பரிசோதனையில் போல்ட்டுக்கும் பேரலுக்கும் பழுதில்லை என்று வந்தபோதுதான் மூச்சு விட்டேன்.

பிறகு முறையாக ஒப்பிட்டேன், இந்த முறை வேறு கேள்வியோடு. எது வேகம் என்று தேடவில்லை. எது வெயிலுக்கு ஆடாமல் நிற்கும் என்பதைத் தேடினேன். ஒரே தொகுதி உறை, ஒரே நீளத்துக்கு வெட்டி, ஒரே பிரைமர், ஒரே குண்டு, குண்டு உறைக்குள் இறங்கும் ஆழமும் ஒன்றே. எடை நூலின் நடுப்பகுதியில், மேலே இடம் விட்டு. எல்லா மருந்தும் தராசில், வீச்சில் கிடையாது. மருந்துக்கு இருபது சூடு, வெயில் நாளில் ஒரு முறை, குளிர் நாளில் ஒரு முறை. ஐந்து ஐந்தாக மாற்றி மாற்றிச் சுட்டேன். மருந்து மாறும்போது முதல் இரண்டு சூட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை, பேரலில் முந்தைய மருந்தின் கறை இருக்கும் என்பதால். இன்னொரு விதி: சூடான சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள்) தோட்டாவைத் தள்ளிவிட்டுக் காற்றைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் மருந்து வெந்துவிடும், வெளி வெப்பநிலை 60 ஆக இருந்தாலும் உங்கள் சோதனை 120இல் நடக்கும். தள்ளியதும் பத்து நொடிக்குள் சுட முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். தோட்டாப் பெட்டிக்குள் சின்ன வெப்பமானி போட்டுவைத்து அந்த எண்ணைத்தான் எழுதினேன்.

செப்டம்பர் தொடக்கத்தில் 98 டிகிரி, டிசம்பரில் 40. வார்கெட் 2,611இலிருந்து 2,596க்கு வந்தது, 58 டிகிரிக்கு 15 அடி. 4064 2,622இலிருந்து 2,590, அதாவது 32 அடி. திட்ட விலக்கம் முன்னதற்கு 11, பின்னதற்கு 12. இருபது சூட்டில் அந்த ஒன்றின் வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. இலக்குத் தாளிலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது மருந்தில் பழைய தொகுதியின் இருபதைப் பிரித்து, நடு எடைக்கு இறக்கி, புதிய தொகுதி டப்பாவில் மிஞ்சிய மருந்தில் நிரப்பியவற்றோடு ஒரே குளிர் நாளில் சுட்டுப் பார்த்தேன். புதியது 16 அடி வேகம். ஆக ஆகஸ்டின் 69 அடியில் கால்வாசி தொகுதி மாற்றத்தால் வந்தது, மீதியைப் பெரும்பாலும் வெயிலின் கணக்கில்தான் எழுத வேண்டும். ஒன்று மட்டும் வந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கும். மேல்படியில் நின்றதால் இரண்டுமாகச் சேர்ந்து தள்ளிவிட்டன.

இதற்காக இரட்டை அடிப்படை மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. ஒரே பருவத்தில் சுடுபவருக்கும், கோடையிலேயே எடையைத் தீர்மானித்து வைப்பவருக்கும் அது அருமையான மருந்து, அதே அழுத்தத்துக்குள் கூடுதல் வேகம் தரும். குளிரில் எடையைத் தேடி வெயிலில் சுடுவதுதான் தப்பு. எதிர்த்திசையில் செய்தால் வேகம் கொஞ்சம் குறையும், வேறொன்றும் ஆகாது. ஆகவே இங்கே எடை தேடும் வேலையை ஜூலை, ஆகஸ்டுக்கு மாற்றிக்கொண்டேன். 4064, 4895 இரண்டையும் பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்1 காரண்ட் வைத்திருப்பவர்கள் விரும்புவதற்குக் காரணம் வேறு: அந்தத் துப்பாக்கியின் வாயுத் துளை குழலின் நுனிப் பக்கம் இருப்பதால், மெதுவாக எரியும் மருந்து அங்கே அதிக அழுத்தம் கொண்டுவந்து இயக்கக் கம்பியையே வளைத்துவிடும். போல்ட் ரைஃபிளில் தேர்ந்த மருந்தை யோசிக்காமல் அதில் போடாதீர்கள். ராணுவ உறைகளும் அப்படித்தான், பல சமயம் சுவர் தடித்துக் கொள்ளளவு குறைந்திருக்கும், அதே எடை அதிக அழுத்தம் தரும்.

நிரப்பும் மேசையில் இப்போது ஒரே ஒரு டப்பாதான் இருக்கும். அதன் மூடி நிரப்பியின் மேல் வைக்கப்பட்டிருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. வேலை முடிந்ததும் அன்றே காலி செய்து அதே டப்பாவுக்குத் திருப்பிவிடுகிறேன். நிரப்பியின் பிளாஸ்டிக் கூண்டில் மருந்தை விட்டுவைத்தால் பிளாஸ்டிக்கே மங்கி அரித்துவிடும், மறுநாள் அது எந்த மருந்து என்று நினைவிருக்கவும் உத்தரவாதம் இல்லை. கைத்துப்பாக்கி மருந்து வேறு அறையில். வேகமாக எரியும் அந்த மருந்து ரைஃபிள் உறையில் நிறைய விழுந்தால் துப்பாக்கி கையில் இருக்காது. சேமிப்புக்குக் குளிர்ந்த, உலர்ந்த இடம், வந்த டப்பாவிலேயே. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் (NFPA) விதிமுறை 495 வீட்டில் அசல் டப்பாவில் 20 பவுண்டு வரை அனுமதிக்கிறது, அதற்கு மேல் மரப்பெட்டி வேண்டும். உள்ளூர் விதி இன்னும் கடுமையாக இருக்கலாம். மூடி திறந்ததும் அமிலம்போல் மூக்கில் ஏறினாலோ, துருப்பொடி மாதிரி செந்தூள் தெரிந்தாலோ அந்த மருந்து கெட்டுவிட்டது.

அலமாரியில் இப்போது வார்கெட்டும் 4064உம் இருக்கின்றன, கடையில் எது கிடைக்கிறதோ அது. இரண்டுக்கும் தனித்தனி நோட்டுப் பக்கம், தனித்தனி எடை. ஒரே தொகுதி எண்ணில் எட்டுப் பவுண்டு ஜாடி கிடைத்தால் அதையே வாங்குகிறேன், ஒரு வருடத்துக்கு மேல் வரும். ஒவ்வொரு தோட்டாப் பெட்டியின் மூடியிலும் மருந்தின் முழுப் பெயர், தொகுதி எண், எடை, குண்டு, பிரைமர், தேதி, கடைசி வரியில் எந்த வெப்பநிலைவரை சுட்டுப் பார்த்தது என்ற எண். அந்த எண் 90க்குக் குறைவாக உள்ள பெட்டிகளில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறது. ஏப்ரல் முடிந்ததும் அவை அடித்தட்டுக்குப் போய்விடும், அக்டோபர்வரை மேலே வராது.